கம்பெனிக்கு வயது ஆகலாம், விதைக்கு ஆகக் கூடாது

ராயகிரி வாசகர்: அண்ணாச்சி, ஆடிப்பட்டத்துக்குக் கத்தரி விதை வாங்கினேன். பாக்கெட்டில் ‘பல்லாண்டு பாரம்பரியம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. பழைய சரக்கை என் தலையில் கட்டிவிட்டார்களோ?

அந்த வரியை விட்டுவிட்டுப் பாக்கெட்டைத் திருப்புங்கள். லாட் நம்பரும் சோதனை செய்த தேதியும் இருக்க வேண்டும். சான்று விதைக்குச் சோதனை நாளிலிருந்து 9 மாதம்தான் கெடு. மறுசோதனையில் தேறினால் நீட்டிப்பார்கள். முளைப்புத் திறன் கத்தரிக்கும் தக்காளிக்கும் குறைந்தது 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. வெங்காய விதை வாங்குகிறவர்கள் இன்னும் உஷாராக இருங்கள். காய்கறி விதைகளில் சீக்கிரம் உயிரை விடுவது அதுதான்.

சிவகிரி வாசகர்: உண்மையிலேயே பழைய காய்கறி விதைக் கம்பெனி நம் நாட்டில் எது?

புனேயில் பெஸ்டன்ஜி போச்சா தொடங்கியது 1884-இல். நம் நாட்டின் மிகப் பழைய விதைக் கம்பெனிகளில் அது ஒன்று. கொல்கத்தாவில் இங்கிலாந்தின் சட்டன்ஸ் கிளை வைத்திருந்தது. அந்தக் காலத்தில் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கேரட், பீட்ரூட் விதையெல்லாம் கப்பலில்தான் வந்தன. அவற்றில் பல வகைகள் நல்ல குளிர் பட்டால்தான் பூத்து விதை கட்டும். நம் ஊரில் மேற்குமலைக் காற்று எவ்வளவு அடித்தாலும் அதற்குப் போதாது.

இரண்டாம் உலகப் போரில் கப்பல் நின்றது, விதையும் நின்றது. அப்போதுதான் குவெட்டாவிலும் காஷ்மீரிலும் விதை எடுக்கத் தொடங்கினார்கள். 1947-இல் குவெட்டா பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. 1949-இல் இமாச்சலத்தின் குலு பள்ளத்தாக்கில், கட்ராயினில் ஆராய்ச்சி நிலையம் வைத்து மறுபடி ஆரம்பித்தார்கள். சந்தையில் முட்டைக்கோஸைக் கையில் எடுக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாடு தன் விதையைத் தானே எடுக்கப் பழகுவதற்குப் போர் தேவைப்பட்டிருக்கிறது.

புளியங்குடி வாசகர்: சட்டன்ஸ் எப்படிப் பெரிய ஆள் ஆனது?

நாணயத்தால். 1806-இல் ஜான் சட்டன் ரெடிங் நகரில் தானியக் கடையாகத்தான் தொடங்கினார். காய்கறி, பூ விதைப் பக்கம் கொண்டுபோனவர் மகன் மார்ட்டின் ஹோப் சட்டன். 1840-இல் ரெடிங்குக்கு ரயில் வந்தது. அதே ஆண்டு நாடு முழுக்க ஒரே தபால் கட்டணமும் வந்தது. விதை லேசான சரக்கு, தபாலில் போகும். வியாபாரம் பிடித்துக்கொண்டது.

ஆனால் அன்றைய விதைச் சந்தை படுமோசம். கடுகும் காலிஃபிளவரும் டர்னிப்பும் ஒரே குடும்பம், விதையும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மலிவான விதையைச் சூடுபடுத்திக் கொன்று, விலை உயர்ந்த விதையோடு கலந்து விற்பார்கள். ஏன் கொல்ல வேண்டும்? உயிரோடு கலந்தால் முளைத்து வந்து காட்டிக்கொடுத்துவிடுமே! செத்த விதை எதுவும் சொல்லாது. விதைத்தவனோ மண்ணைத் திட்டுவான், மழையைத் திட்டுவான், தன் கையையே நொந்துகொள்வான்.

அந்தச் சந்தையில் விதையைச் சோதித்து விற்கச் சோதனைக்கூடம் வைத்தது சட்டன்ஸ். 1869-இல் விதைக் கலப்படத்துக்கு எதிராக இங்கிலாந்தில் சட்டமே வந்தது. உங்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன எழுத்துக்குப் பின்னால் இவ்வளவு கதை உண்டு.

கடையநல்லூர் வாசகர்: சட்டன்ஸைவிடப் பழையது உலகத்தில் உண்டா?

உண்டு. பாரிஸின் வில்மோரன், 1743. நம் பூலித்தேவர் நெற்கட்டும்செவலில் வாழ்ந்த காலம்!

வாசுதேவநல்லூர் வாசகர்: வெண்டை விதை விற்ற ஒருவருக்கு உலகப் பரிசு கிடைத்ததாமே?

பத்ரிநாராயண் பார்வாலே, மகாராஷ்டிராவின் ஜால்னாக்காரர். அப்போது வெண்டைக்கு எமன், வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல். டெல்லி ஆராய்ச்சி நிலையம் அதைத் தாங்கும் ‘பூசா சாவனி’ ரகத்தைக் கொண்டுவந்தது. ஆராய்ச்சி நிலையத்தில் நல்ல ரகம் இருந்து என்ன பயன், விவசாயி கைக்கு வர வேண்டாமா? அந்த இடைவெளியில்தான் பார்வாலே நுழைந்தார். விதையைப் பெருக்கி விற்றார். 1964-இல் மஹிகோ கம்பெனியைத் தொடங்கினார். 1998-இல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

அதே மஹிகோவின் மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்கு 2010 பிப்ரவரியில் மத்திய அரசு தடை போட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெண்டையில் சம்பாதித்த நல்ல பெயர் கத்தரிக்குத் தானாகச் செல்லாது. ஒவ்வொரு விதையும் தன்னைத் தானே நிரூபிக்க வேண்டும். அதுதான் சரி.

பாவூர்சத்திரம் வாசகர்: தக்காளி கிலோ ஐந்து ரூபாய்க்குப் போகிற நாளிலும் ஹைபிரிட் விதை விலை குறைவதில்லையே. கொள்ளைதானே?

விலை அதிகம் என்ற கோபம் நியாயம். ஆனால் அந்த விதை எப்படி வருகிறது என்று பாருங்கள். தக்காளிப் பூ விரிவதற்கு முன்பே, மொட்டைப் பிரித்து ஆண் பாகத்தைக் கிள்ளி எடுக்க வேண்டும். மறுநாள் காலையில் வேறு செடியின் மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும். ஒவ்வொரு பூவுக்கும் இப்படி. கர்நாடகத்தில் ராணிபென்னூர் வட்டாரத்தில் இதுவே பெரிய தொழில், பெரும்பாலும் பெண்களின் கைவேலை. பெங்களூரில் 1965-இல் மன்மோகன் அத்தாவர் தொடங்கிய இந்தோ-அமெரிக்கன் கம்பெனி, 1973-இல் ‘கர்நாடகா’ என்ற ஹைபிரிட் தக்காளியையும் ‘பாரத்’ என்ற குடைமிளகாயையும் வெளியிட்டது. நம் நாட்டில் ஹைபிரிட் காய்கறிக் காலம் தொடங்கியது அங்கேதான். ஒரு கிராமில் சுமார் 300 தக்காளி விதை. ஏக்கருக்கு 40 முதல் 60 கிராம் போதும். நீங்கள் கொடுக்கும் விலையில் அந்தப் பெண்களின் கூலிக்கு எவ்வளவு போகிறது என்பதுதான் கம்பெனிகளிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அதே வாசகர்: அந்தப் பழத்திலிருந்தே விதை எடுத்துப் போட்டால்?

முளைக்கும். ஆனால் செடிக்குச் செடி குணம் மாறும். விதை எடுத்துவைக்க நினைத்தால், பெரியகுளத்தில் அன்னஞ்சி நாட்டுத் தக்காளியிலிருந்து உருவாக்கிய பி.கே.எம்.1 போன்ற ரகம் போடுங்கள்.

தென்காசி வாசகர்: என் விதையைப் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குக் கொடுத்தால் கம்பெனி கேஸ் போடுமா?

போட்டாலும் சட்டம் உங்கள் பக்கம்தான். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், 39-ஆம் பிரிவு. விதையை வைத்துக்கொள்ளலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். கம்பெனிப் பெயர் போட்ட பாக்கெட்டாக விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

சங்கரன்கோவில் வாசகர்: நாற்றங்காலில் பாதி முளைக்கவில்லை. கடைக்காரர் உங்கள் தண்ணீர் சரியில்லை என்கிறார்.

150 வருடத்துக்கு முன் இங்கிலாந்திலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்! பில் இருக்கிறதா? காலிப் பாக்கெட் இருக்கிறதா? இருந்தால் வேளாண்மை அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, விதை ஆய்வாளர் வந்து பார்க்கும்படி கேளுங்கள். மிச்ச விதை இருந்தால் கொட்டிவிடாதீர்கள். நஷ்டஈடு கேட்டு நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போகலாம். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் எதிர்த்தரப்பு யார் தெரியுமா? மத்திய அரசின் தேசிய விதைக் கழகமே!

ராயகிரி வாசகர்: நம் பக்கத்திலிருந்து ஒரு விதைக் கம்பெனி வர முடியாதா?

ஏன் முடியாது? தூத்துக்குடிப் பக்கத்துக் குளத்தூர் நாட்டுக் கத்தரியைத் தேர்ந்தெடுத்துத்தான் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி கே.கே.எம்.1 என்ற வெள்ளைக் கத்தரியைக் கொடுத்தது. அதற்கு மூலம் யாரோ ஒரு சம்சாரி வருடா வருடம் பழுக்கவிட்டு, சாம்பலில் புரட்டி எடுத்துவைத்த விதை. உங்கள் வீட்டிலும் பாட்டி காலத்து அவரையோ கத்தரியோ மிளகாயோ இருந்தால், இந்தத் தையிலாவது ஒரு பாத்தி போட்டு விதை எடுங்கள். உழவர் ரகம் என்று அதே 2001 சட்டத்தில் உங்கள் பெயரிலேயே பதிவு செய்ய வழி இருக்கிறது. அது எந்த ஊர் விதை, யார் கொடுத்தது என்று எங்களுக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.