சீனாவுக்குப் போன வயல்

(சேரன்மகாதேவியில் ஒரு வீட்டுத் திண்ணை. பத்திரம் எழுதும் மாமா. மென்பொருள் எழுதும் மருமகன்.)

மாமா: ஏல, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்து வயலைச் சீனாவுக்குக் கிரயம் பண்ணிட்டியால? சர்வே நம்பர் 45/3ஏ1பி இருந்த எடத்துல சீன எழுத்துல்லா நிக்கி!

மருமகன்: அது வந்து மாமா, ஒங்க பழைய கோப்புல எழுத்துக்குப் பதிலா யூனிகோடு எண்ணாக் கெடந்துச்சு. ‘ழ’வுக்கு பின்சாய்கோடு, யூ, அப்புறம் 0பிபி4. எல்லாம் ஹெக்ஸாடெசிமல், பதினாறை அடியா வச்ச எண். 0 முதல் 9, ஏ முதல் எஃப், இதுல நாலு சேந்தாப்புல வந்தா எழுத்தா மாத்துன்னு ரெகுலர் எக்ஸ்பிரஷன் போட்டேன். 3ஏ1பியும் நாலு. அந்த எண்ணுக்கு உள்ளது சீன எழுத்து.

மாமா: கிரயமான வருசம் 2005. அங்க வெறும் வெள்ளையா கெடக்கே?

மருமகன்: யூனிகோடுல 2005ங்கது ஒரு இடைவெளி மாமா.

மாமா: துட்டு எண்ணிக் கொடுத்த வருசம் இடைவெளியா! பதினாறு என்ன எங்களுக்குப் புதுசா? 1957 வரைக்கும் ரூவாய்க்குப் பதினாறணா. அணா ஒண்ணுன்னா மாகாணி, ரெண்டு அரைக்கால், நாலு கால், எட்டு அரை. ஆனா எவனும் வருசத்தை அணாவுல கூட்டல.

மருமகன்: ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கு வடிவந்தான் தெரியும், அர்த்தம் தெரியாது. சொல் எல்லைக் குறியும் போட்டுப் பாத்தேன். சாய்கோட்டையே எல்லைன்னு எடுத்துக்கிட்டு 3ஏ1பியைத் தனியா உருவிட்டு.

மாமா: வடக்கே கால்வாய், கிழக்கே இன்னார் வயல்னு சக்குபந்தி இல்லாம எந்தச் சார்பதிவாளர் பதிவாருல?

மருமகன்: இப்போ எழுதிட்டேன். முன்னால பின்சாய்கோடும் யூவும் கட்டாயம். பொறவு 0, பி. மூணாவது 8 முதல் எஃப் வரை. நாலாவது பதினாறுல எதுவும். 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை 128 எடம், தமிழுக்கு ஒதுக்குனது. வயலும் வருசமும் இனிச் சிக்காது.

மாமா: அப்படிச் சொல்லு. சரி, தாய்ப்பத்திரத்தை எடுத்து மறுபடி ஓட்டு.

மருமகன்: தாய்ப்பத்திரமா?

மாமா: கைபடாத அசல் கோப்புல. நகல் எடுத்துத்தான திருத்துன?

மருமகன்: அசல்லதான் மாமா ஓட்டுனேன்.

மாமா: அப்போ போய்ச் சீனம் படிச்சிட்டு வால. வில்லங்கம் பாக்கணும்.