கெட்டிலுக்குள் கை போகுமா?

எங்கள் வீட்டில் சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துபோவதற்குச் சோறும் குழம்பும் காரணம் என்று நினைத்தால், பாவம், அவற்றின் மேல் வீண்பழி. எல்லாம் வெந்நீர் செய்கிற வேலை. விடிந்ததும் அம்மாவுக்குச் சீரகத் தண்ணீர். எனக்கு டீ. மகளுக்கு கிரீன் டீ (குடித்து முடித்ததும் வாய்க்கு ஒரு மிட்டாய் வேண்டும்). சாயங்காலம் யாருக்காவது தொண்டை கட்டியிருக்கும், உப்புத் தண்ணீர். ராத்திரி அம்மாவின் முட்டிக்கு ஒத்தடம். ஒவ்வொரு தடவையும் கைக்குக் கிடைத்த பாத்திரம் அடுப்பில் ஏறும், தீ அதன் இடுப்பு வரை ஏறும். “மூடி எங்கே?” என்று கேட்டால், “எந்த மூடி?” என்பார்கள். எங்கள் வீட்டு மூடிகளுக்கும் பாத்திரங்களுக்கும் எப்போதோ விவாகரத்து ஆகிவிட்டது.

நல்ல கெட்டில் ஒன்று வாங்கிவிடலாம் என்று நான் சொன்னதும் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். கரண்டில் ஓடுவது கூடாது. “தண்ணியையும் கரண்டையும் ஒண்ணா வைக்கக் கூடாதுன்னு உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்டா.” சரி, அடுப்பில் வைக்கிற கெட்டில்.

கடைக்குப் போகுமுன் கணக்குப் போட்டேன். ஒரு லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோகச் சுமார் 300 கிலோஜூல் வேண்டும். ஒரு கிலோ கேஸில் ஏறக்குறைய 46,000 கிலோஜூல் இருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை வாங்க ஒரு அடுப்பு, தான் எரிப்பதில் குறைந்தது 68 சதவீதத்தையாவது பாத்திரத்துக்குள் சேர்க்க வேண்டும். ஆக, லிட்டருக்குப் பத்து கிராம் கேஸ். 14.2 கிலோ சிலிண்டரில் வேறெதுவும் சமைக்காமல் வெந்நீரே போட்டுக்கொண்டிருந்தால் 1,400 லிட்டர் போடலாம். இதை மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன். “அப்ப லிட்டருக்கு ஒரு ரூபாகூட ஆகலையே, இதுக்கா ஒரு மணி நேரம்?” என்றாள்.

ரங்கநாதன் தெருவில் ஒரு பாத்திரக்கடை. கடைப் பையன் முதலில் எடுத்து வைத்தது செம்புக் கெட்டில். “செம்பு சார், சூடு சட்டுனு ஏறும்.” அவன் சொன்னது பொய்யில்லை. சூட்டைக் கடத்துவதில் செம்புக்கு 400 மார்க் என்றால் அலுமினியத்துக்கு 230 சொச்சம், எவர்சில்வருக்கு வெறும் 15. ஆனால் கெட்டிலின் தகடு அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். அதைக் கடப்பதற்கு எவர்சில்வரே போதும். இழுபறியெல்லாம் தீயிலிருந்து சூடு தகட்டுக்கு ஏறுகிற இடத்தில். அடி அகலமாக இருந்தால் அனல் அதைத் தடவிக்கொண்டு வெளியேறும். குறுகலாக இருந்தால் பக்கவாட்டில் ஏறி, சமையலறையைச் சூடாக்கிவிட்டு ஜன்னல் வழியே போய்விடும். சென்னையில் மே மாதத்தில் அதற்கு நாம் காசு வேறு கொடுக்கிறோம்.

இந்த விஷயத்தில் பழைய டீக்கடை பாய்லரை மிஞ்ச ஆள் கிடையாது. நடுவில் ஒரு குழாய், குழாய்க்குள் கரி நெருப்பு, சுற்றிலும் தண்ணீர். பக்கவாட்டில் தப்பித்துப் போக நெருப்புக்கு வழியே இல்லை. ரஷ்யாவின் சமோவாரும் அதே ஏற்பாடுதான், பாட்டி வீட்டுக் குளியலறையில் நின்ற செப்பு பாய்லரும் அதேதான். அதை எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கின குடும்பம் எங்களுடையது.

அடுத்து வந்த கெட்டிலின் மூக்கில் ஒரு பிளாஸ்டிக் குருவி. 1985-ல் மைக்கேல் கிரேவ்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் இத்தாலியின் அலெஸ்ஸி கம்பெனிக்கு ஒரு கெட்டில் வடிவமைத்தார். கூம்பு வடிவம், அகன்ற அடி, மூக்கு நுனியில் கூவுகிற சிவப்புக் குருவி. அதன் தூரத்துச் சொந்தம் இது. குருவி வந்திருந்தது, அகன்ற அடி வரவில்லை. அடுப்புக் கம்பிகளின் மேல் நிற்கவே அது தள்ளாடும்.

அதுவரை வாய் திறக்காமல் இருந்த மனைவி, ஒவ்வொரு கெட்டிலாக மூடியைத் திறந்து கையை உள்ளே விட ஆரம்பித்தாள். ஒன்றில் விரல்களோடு சரி. ஒன்றில் மணிக்கட்டு வரை போய், வளையல் மாட்டிக்கொண்டது. பையன் பதறி, “மேடம், மெதுவா” என்றான். அவளுக்கு வளையலைப் பற்றிய கவலை, அவனுக்குக் கெட்டிலைப் பற்றி. “கை போகலைன்னா எப்படித் தேய்க்கறது? நம்ம போர் தண்ணிக்கு ரெண்டு மாசத்துல உள்ளே சுண்ணாம்பு அடிச்ச சுவர் ஆயிடும்.” நியாயம். உப்புப் படிந்த அடி, சூட்டை வேண்டாவெறுப்பாகத்தான் உள்ளே விடும். என் கிலோஜூல் கணக்கில் வளையலுக்கு இடமே இல்லாமல் இருந்தது.

கை போன ஒரே கெட்டில், அடி அகலமான எவர்சில்வர், விசில் வைத்தது, விலை 1,500 ரூபாய். ஐந்தில் ஒரு பங்கு கேஸை மிச்சம் பிடித்தாலும் லிட்டருக்கு இரண்டு கிராம், அன்றைய விலைக்குப் பத்துப் பன்னிரண்டு காசு. நாளைக்கு மூன்று லிட்டர் என்றால், போட்ட பணம் திரும்பி வரப் பதினோரு வருஷம். “அதுக்குள்ள இவ கல்யாணமே முடிஞ்சிடும்” என்றாள் மனைவி, மகளைக் காட்டி. மகள் போனிலிருந்து நிமிரவில்லை.

இருந்தாலும் அதைத்தான் வாங்கினோம், விசிலுக்காக. தண்ணீர் கொதித்த பிறகு எரிகிற தீ, சூட்டை ஒரு டிகிரிகூட ஏற்றாது. தண்ணீரை ஆவியாக்கும், அவ்வளவுதான். நூறு மில்லி தண்ணீர் ஆவியாகிப் போக 226 கிலோஜூல் வேண்டும். அதாவது, சீரியலில் ஒரு அழுகைக் காட்சி முடியட்டும் என்று உட்கார்ந்திருந்ததில் அரை டம்ளர் தண்ணீர் ஆவியாகிப் போனால், முக்கால் லிட்டரைக் கொதிக்க வைத்த கேஸும் கூடவே போயிற்று. செம்பா எவர்சில்வரா என்ற வாதமெல்லாம் இதற்கு முன்னால் சில்லறை. நம்மை எழுந்து ஓட வைக்கிற கெட்டில்தான் சிக்கனமான கெட்டில். அந்த விசில் எப்படி ஊதுகிறது என்பதே விஞ்ஞானிகளுக்கு வெகுகாலம் புதிராக இருந்ததாம். கேம்பிரிட்ஜில் இரண்டு பொறியாளர்கள் 2013-ல்தான் அதைத் தெளிவாக விளக்கினார்கள். துளை போட்ட இரண்டு தகடுகளுக்கு இடையே ஆவி சுழித்துக்கொண்டு வெளியேறும்போது எழுகிற சத்தம்.

ஆனால் தமிழ்நாட்டு வீட்டில் அந்த விளக்கமெல்லாம் செல்லாது. இங்கே விசில் என்றால் எண்ணுவதற்கு, எழுந்து போவதற்கு அல்ல. சாதத்துக்கு மூன்று, பருப்புக்கு நான்கு, கொண்டைக்கடலைக்கு ஆறு.

முதல் நாள் காலை கெட்டிலை அடுப்பில் ஏற்றிவிட்டுப் பால் வாங்கக் கீழே இறங்கினேன். மனைவி குளியலறையில். மகளின் காதில் ஹெட்போன். நான் பாக்கெட்டோடு திரும்பும்போது தெருமுனைக்கே கேட்கிறது. எதிர்வீட்டுக்காரர் பால்கனியில் வந்து நின்றுவிட்டார். மூச்சு வாங்க மாடி ஏறி உள்ளே ஓடினால், சமையலறை முழுக்க ஆவி. அம்மா ஹாலில் நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்து, ஒரு விரலை மட்டும் நீட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

“ஏம்மா, அணைக்கக் கூடாதா?”

“இருடா, இன்னும் முதல் விசிலே முடியல.”