நகம் கடிக்கிற பாப்பு

ஜோன் பனியன் என்ற ஆங்கிலேயர், ஓட்டைப் பாத்திரம் அடைக்கும் தொழிலிலிருந்து பிரசங்கத்துக்கு வந்தவர், 1678இல் அச்சிட்ட மோட்சப் பயணக் கதையில் ஒரு குகை வரும். வாசலெல்லாம் எலும்பு. அங்கே இரண்டு அரக்கர் குடியிருந்தார்களாம். ஒருவன் அஞ்ஞானி, அவன் செத்து நெடுங்காலம். மற்றவன் பாப்பு, ரோமாபுரிப் பாப்பரசர்தான். அவன் சாகவில்லை. ஆனால் கிழண்டுபோய், மூட்டுப் பிடித்து, முன்னைப்போல ஆளைப் பிடித்து விழுங்க ஏலாமல், குகை வாசலில் குந்தியிருந்து போகிற யாத்திரிகரைப் பார்த்து இளித்துக்கொண்டு நகம் கடிக்கிறான்.

இந்தக் கதையைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் எங்கள் உடுவிலில் இருந்த லீவை ஸ்போல்டிங் ஐயர். அமெரிக்க மிசனின் ஆள். 1820இல் வந்தவர், அரை நூற்றாண்டுக்கு மேல் இந்தச் செம்மண்ணிலேயே கிடந்து இங்கேயே கண்ணை மூடியவர். அகராதி செய்தார், பாட்டு எழுதினார், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். அந்த உழைப்பை யாரும் குறை சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் பனியனின் கணக்கு யாழ்ப்பாணத்தில் முழுப்பிழை. செத்ததாகச் சொன்ன அஞ்ஞானி நல்லூரில் கொடியேற்றித் திருவிழாச் செய்துகொண்டிருந்தான். மூட்டுப் பிடித்த கிழவன் சில்லாலையில் வெடி கொளுத்திப் பெருநாள் கொண்டாடிக்கொண்டிருந்தான். உடுவிலிலிருந்து சில்லாலைக்குச் சைக்கிளில் ஒரு மணித்தியாலம் வேண்டாம். அவ்வளவு கிட்ட இருந்த அயலவனை அரக்கனாகக் காண்பதற்கு, ஆறாயிரம் மைலுக்கு அப்பால் அச்சடித்த மூக்குக்கண்ணாடி தேவைப்பட்டது.

அந்தக் கண்ணாடி எப்படிச் செய்யப்பட்டது என்று பார்த்தால் தலை சுற்றும். தொடக்கத்தில் நியாயம் இருந்தது. மேரி என்ற கத்தோலிக்க அரசி ஐந்து வருட ஆட்சியில் ஏறத்தாழ 280 புரொட்டஸ்தாந்தரை உயிரோடு எரித்தாள். அதை ஜோன் பொக்ஸ் 1563இல் படங்களோடு பெரும் புத்தகமாகப் போட்டார். எரிந்தவர்களுக்காக அழுததில் தப்பில்லை. அழுகை விலைபோகும் என்று அச்சுக்கூடத்துக்காரர் கண்டுகொண்டதில்தான் வினை. பிறகு துண்டுப் பிரசுரம், தெருப்பாட்டு, பஞ்சாங்கம், பிரசங்கம், சீட்டுக்கட்டு வரைக்கும் பாப்புதான். லண்டனில் எலிசபெத் அரசியின் பட்டமேற்ற நாளன்று பாப்பரசருக்குப் பெரிய உருவப் பொம்மை கட்டி ஊர்வலமாகக் கொண்டுபோய் எரிப்பார்கள். எங்கள் சூரன்போர் மாதிரித்தான் என்று சொல்லலாம். ஆனால் எங்கள் சூரனுக்கு அடுத்த வருடம் தலை திரும்ப வரும், கடைசியில் மயிலும் சேவலுமாகிக் கும்பிடும் வாங்குவான். லண்டன்காரர் 1677இல் செய்த பொம்மையின் வயிற்றுக்குள் உயிரோடு பூனைகளை அடைத்தார்கள். தீ ஏறும்போது பாப்பு கத்தவேண்டும் அல்லவா? சுவிசேஷத்தின் வெளிச்சம் பெற்ற மக்கள் பூனைகளின் அலறலைக் கேட்டுக் கைதட்டினார்கள்.

அடுத்த வருடம் டைற்றஸ் ஓற்ஸ் வந்தான். அரசனைக் கொல்லக் கத்தோலிக்கர் சதி செய்கிறார்கள் என்று அவன் ஒரு கதை கட்டினான். கதையில் ஒரு எழுத்து உண்மை இல்லை. அச்சுக்கூடங்கள் இரவு பகலாக ஓடின. பதினைந்து பேருக்குக் குறையாமல் தூக்கிலும் வெட்டுமரத்திலும் போனார்கள். 1681இல் அயர்லாந்தின் பேராயர் ஒலிவர் பிளங்கெற்றை லண்டனில் தூக்கிலிட்டார்கள். பிறகு பொய் வெளிவந்து, 1685இல் ஓற்ஸுக்குச் சாட்டையடியும் மறியலும் கிடைத்தன. அதோடு முடிந்ததா? 1689இல் புரொட்டஸ்தாந்த அரசன் வில்லியம் வந்ததும் அவனை விடுவித்துப் பென்சனும் கொடுத்தார்கள். பென்சனின் மகத்துவத்தை யாழ்ப்பாணத்தவனுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. முப்பது வருடம் ஃபைல் தூக்கி எங்கள் பெரியவர்கள் பெற்றதை அவன் மூன்று வருடப் பொய்யில் பெற்றான். லண்டனை எரித்த 1666ஆம் ஆண்டுத் தீயும் பாப்புக்காரர் வைத்ததுதான் என்று நினைவுத்தூணில் கல்லிலேயே வெட்டினார்கள். அந்த வரியைச் செதுக்கி எடுக்க 1830 ஆயிற்று. தீ தொடங்கியது ஒரு பாண் பேக்கரியில்.

இப்படி ஊர்ச்சண்டைக்கும் அரசுரிமைச் சண்டைக்கும் காய்ச்சிய கசாயத்தைத்தான் வேதம் என்ற லேபிள் ஒட்டிக் கப்பலில் ஏற்றினார்கள். 1712இல் தரங்கம்பாடிக்கு அச்சு இயந்திரம் அனுப்பியது லண்டன் சங்கம் ஒன்று. அந்தப் பக்கத்தில் லுத்தேரன் பாதிரிமார் பாப்புவை ஏசினார்கள். இந்தப் பக்கத்தில் வீரமாமுனிவர் லுத்தேரினத்தியல்பு எழுதி, அவர்களுடைய வேதத்தோடு சேர்த்து அவர்களுடைய தமிழையும் கிழித்தார். ஜெர்மன்காரரும் இத்தாலிக்காரரும் ஐரோப்பியச் சண்டையைத் தமிழில் பிடித்தார்கள். தமிழ் உரைநடை வளர்ந்தது என்று இலக்கிய வரலாற்றுக்காரர் சந்தோஷப்படுகிறார்கள். வளர்ந்ததுதான், ஏச்சிலே வளர்ந்தது.

யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் இவ்வளவு மினைக்கெடவில்லை. அவர்களுக்கு இலக்கியம் தேவையில்லை, சட்டம் போதும். 1658இல் போர்த்துக்கேயரைத் துரத்திய கையோடு கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்று பறை அறைந்தார்கள். கோயில்களை அப்படியே எடுத்தார்கள். சுரூபத்தைத் தூக்கி வெளியே போட்டார்கள். சுவரும் கூரையும் சீர்திருத்த சபைக்கு வந்து சேர்ந்தன. பல்தேயுஸ் பாதிரியார் 1672இல் அம்ஸ்ரடாமில் வெளியிட்ட புத்தகத்தில் தெல்லிப்பழை, மல்லாகம், வட்டுக்கோட்டை என்று எழுதிய கோயில் வரிசையில் உடுவிலும் உண்டு. பிறகு அதை ஆங்கிலத்திலும் போட்டார்கள். நாங்கள் லண்டன் அச்சுக்குப் போனது இப்படித்தான்: கைமாறிய சொத்தின் பட்டியலில்.

கத்தோலிக்கருக்காகக் கண்ணீர் விட இங்கே நான் உட்காரவில்லை. அந்தக் கோயில்களைக் கட்டிய போர்த்துக்கேயர் 1621இல் நல்லூர்க் கந்தனை இடித்துத் தரைமட்டமாக்கியவர்கள். ஒலிவேரா என்ற தளபதி அதைப் புண்ணியமாகவே செய்தான். விரதத்தன்று சாப்பிட்ட இலையைச் சுருட்டி இறப்பிலே செருகும் வழக்கம் பறங்கிக்குப் பயந்து வந்தது என்று எங்கள் கிழவிமார் சொல்லுவார்கள். பறங்கி போன பிறகு ஒல்லாந்தனுக்குப் பயந்து கத்தோலிக்கன் செபமாலையை ஒளித்தான். ஒரே கூரை. சைவனின் இலை ஒரு மூலையில், வேதக்காரனின் செபமாலை மறு மூலையில். உத்தியோகம் வேண்டுமென்றால் இருவரும் ஞாயிற்றுக்கிழமை ஒல்லாந்தக் கோயிலுக்குப் போய் வாங்கில் இருக்கவேண்டும்.

1687இல் கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகள் பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். சில்லாலைச் சனம் அவரைக் காப்பாற்றி வைத்திருந்தது. அடைக்கலத்துக்குத் தண்டனை என்ன என்று தெரிந்துகொண்டே செய்தார்கள். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து அவரைப் புனிதராக்கினார். நகம் கடித்துக்கொண்டிருந்த கிழவன் விமானத்தில் வந்து இறங்கினான் என்று பனியனுக்கு யாராவது கடிதம் போட்டிருக்கலாம்.

இங்கிலாந்துக்காரன் ஆட்சிக்கு வந்து 1806இல் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை இலங்கையில் நீக்கினான். தன் சொந்த நாட்டில் அதைச் செய்ய 1829 வரை காத்திருந்தான். சில்லாலைத் தோட்டக்காரனுக்குக் கிடைத்த உரிமை லண்டன் கத்தோலிக்கப் பிரபுவுக்கு இருபத்து மூன்று வருடம் கிடைக்கவில்லை. கொள்கை மாறியதென்று நினைக்கவேண்டாம். வரி கட்டுகிறவன் சத்தம் போடாமல் இருந்தால் அவன் எந்தச் சுரூபத்தைக் கும்பிட்டாலும் கணக்குப் புத்தகம் கவலைப்படாது.

அப்பொழுதுதான் எங்கள் அமெரிக்கர் வந்தார்கள். ஒல்லாந்தன் விட்டுப்போன பாழடைந்த கோயில்களை அரசாங்கம் அவர்களுக்குக் கொடுத்தது. போர்த்துக்கேயக் கத்தோலிக்கம் கட்டி, ஒல்லாந்தச் சீர்திருத்தம் பறித்து, அமெரிக்க மிசன் கூரை போட்ட சுவர்களுக்குள் நின்று, பாப்புமார்க்கம் பொய் என்று பிரசங்கித்தார்கள். சுவருக்கு வாய் இல்லை. 1820இல் அச்சு இயந்திரத்தோடு ஜேம்ஸ் காரெற் என்ற அச்சுக்காரரும் வந்தார். ஆளுநர் பார்ன்ஸ் அவரைத் தங்கவிடாமல் திருப்பிவிட்டார். இரண்டு பேரும் புரொட்டஸ்தாந்தர், ஒரே பைபிள், ஒரே பாப்பு வெறுப்பு. ஆனால் 1812இல் இங்கிலாந்தும் அமெரிக்காவும் சண்டை பிடித்தவை, கொடி வேறு. வேதத்தைவிடக் கொடிதான் கனம் என்று எங்களுக்கு அன்றே விளங்கியிருக்கவேண்டும்.

பிற்பாடு மானிப்பாயில் அச்சுக்கூடம் ஓடத் தொடங்கி, 1841இல் உதயதாரகை உதித்தது. அதன் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும். வெள்ளைக்காரர் என்று நினைக்காதீர்கள், இரண்டு பேரும் அசல் யாழ்ப்பாணத்தார். படிப்புக்குக் காசு அனுப்பிய அமெரிக்கத் தர்மவான்கள் கேட்ட பெயரை மிசன் பிள்ளைகளுக்கு வைத்தது. கத்தோலிக்கன் தன் பிள்ளைக்கு அந்தோனி, சவேரி, சந்தியோகு என்று புனிதர் பெயர் வைத்தால் அது விக்கிரக ஆராதனையின் எச்சம். கந்தசாமி என்று வைத்தால் அஞ்ஞானம். கண்ணால் காணாத பொஸ்ரன் வியாபாரியின் பெயரை வைத்தால் சீர்திருத்தம்! புனிதர் செய்த புதுமைகளுக்குச் சாட்சி கேட்டவர்கள், தர்மவானின் புதுமைக்கு மட்டும் காசோலையைக் காட்டினார்கள். படித்து முடித்த உடுவில் பெண்பிள்ளை கிறிஸ்தவனைக் கட்டினால் மிசனே சீதனம் கொடுத்தது. பாவமன்னிப்பைக் காசுக்கு விற்றார்கள் என்று ரோமாபுரிமேல் லுத்தர் கொதித்தெழுந்து முந்நூறு வருடம் ஆனபிறகு, உடுவிலில் காசு கொடுத்துக் கலியாணம் நடந்தது. கிடுகு வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்த யாழ்ப்பாணத்தாய் ஒருத்திக்கு எந்தக் கடவுள் மெய்யென்று தெரியாவிட்டாலும், எந்தக் கடவுள் சீதனம் தருகிறார் என்பது தெரிந்தது.

வெறுப்பு ஒருமுறை அச்சேறினால் ஒரு வீட்டில் நிற்காது. மிசன்காரர் பாப்புவை அடித்த தடியாலேயே சைவனையும் அடித்தார்கள்: சுரூபம், ஊர்வலம், தேர், தூபம், தீபம் எல்லாம் ஒரே சாக்கடை என்று. அடிபட்டவன் சும்மா இருப்பானா? பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிளைத் தமிழாக்கிய ஆறுமுக நாவலர், வண்ணார்பண்ணையில் தானே அச்சுக்கூடம் வைத்து, 1854இல் சைவதூஷண பரிகாரத்தைப் போட்டார். யெருசலேம் கோயிலில் தூபம் இல்லையா, தீபம் இல்லையா, பெட்டகம் இல்லையா என்று அவர்களின் புத்தகத்தாலேயே அவர்களை மடக்கினார். 1876இல் கத்தோலிக்கர் சத்தியவேத பாதுகாவலனைத் தொடங்கினார்கள். மூன்று முனை, மூன்று அச்சுக்கூடம், ஒரே ஊர். மூவருக்கும் வாசகர் பஞ்சம் வரவில்லை.

இன்றைக்கு என்ன குறைந்துவிட்டது? ரோமாபுரி மகா பாபிலோன் என்று தகரக்கொட்டில் செபவீடுகளில் மைக் பிடித்துக் கத்துகிறார்கள். 1678இல் காய்ச்சிய கசாயம், இப்பொழுது ஒலிபெருக்கியில். 2019 மார்ச்சில் சிவராத்திரிக்கு முதல் நாள் மன்னாரில் திருக்கேதீச்சரத்துக்குப் போகும் வழியில் போட்ட வளைவைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கி எறிந்தார்கள். வாஸ் அடிகளை ஒளித்து வைத்தவர்களின் சந்ததியென்று பெருமை பேசுகிறவர்கள். அதற்குப் பதில் சொல்லச் சிவனின் பெயரில் ஒரு சேனை தயாராக நிற்கிறது. பாடசாலையில் கத்தோலிக்கத்துக்கு ஒரு பாடப்புத்தகம், கிறிஸ்தவத்துக்கு இன்னொரு பாடப்புத்தகம். இயேசு இரண்டு வினாத்தாளுக்கும் தனித்தனியாகத் தோற்றுகிறார்.

1995 யூலை 9ஆம் தேதி உடுவிலுக்குப் பக்கத்தில் நவாலியில் சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் சின்னக் கதிர்காமத்து முருகன் கோயிலடியிலும் இலங்கை விமானப்படை குண்டு போட்டது. இடம்பெயர்ந்து வந்து ஒதுங்கியிருந்த நூற்றுக்கு மேற்பட்ட சனம் செத்தது. வேதக்காரர், சைவக்காரர், குழந்தை குட்டி எல்லாம் ஒன்றாக. விமானி பனியனைப் படித்திருக்கவில்லை போலும். ஆர் மெய்வேதம், ஆர் பொய்வேதம் என்று பிரிக்காமல் போட்டான். இவ்வளவு ஆயிரம் பிரசுரம் அச்சடித்தும் அவன் கையில் ஒன்றையும் சேர்க்காத குற்றத்துக்கு எங்கள் மூன்று அச்சுக்கூடங்களும் பொறுப்பு.

முந்நூறு வருடத் தர்க்கத்தில் யாரும் யாரையும் மறுக்காத சங்கதி ஒன்று உண்டு. வட்டுக்கோட்டை செமினரியில் ஒரு பந்தியில் இருக்கமாட்டோம் என்று சாதிமான் பிள்ளைகள் அடம்பிடித்தபோது பைபிள் வசனம் எடுபடவில்லை. 1930 அளவில் பள்ளிக்கூடங்களில் சம ஆசனம் கொடுக்கச் சட்டம் வந்தபோது கொட்டில்கள் எரிந்தன. தீ வைத்தவர்கள் பாப்புவின் ஆட்களும் இல்லை, லுத்தரின் ஆட்களும் இல்லை, எங்கள் ஆட்கள். ஒரு ஊரில் ஒரே சபைக்கு இரண்டு கோயில் நின்றால் காரணத்தை வேதாகமத்தில் தேடி மினைக்கெடவேண்டாம், தோம்பிலே தேடுங்கள். குகை வாசலில் எலும்பு குவித்துக்கொண்டு இருக்கிற மூன்றாவது அரக்கனுக்கு மூட்டுப் பிடிக்கவில்லை. அவனைப் பனியன் எழுதவில்லை, ஸ்போல்டிங் ஐயர் மொழிபெயர்க்கவில்லை, பாதுகாவலன் கண்டிக்கவில்லை, நாவலர் கட்டிக்காத்தார்.

நம்பாதவர்கள் கலியாணத் தரகரோடு ஒரு பின்னேரம் குந்தியிருந்து பாருங்கள். மாப்பிள்ளை கனடாவில், அமெரிக்க மிசன் பரம்பரை. பொம்பிளை பகுதி தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கம்.

“ஐயா, அவை மிசன், நீங்கள் ஆர்.சி. உங்களுக்கு அதிலை ஏதும்…?”

“சீச்சீ, எல்லாம் ஒரு கடவுள்தானே தம்பி. இந்தக் காலத்திலை உதெல்லாம் ஆர் பாக்கினம்? அது கிடக்கட்டும். அவை ஆக்கள் ஆர்?”

தரகர் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார். பெரியவர் முகம் மலர்கிறது. தேத்தண்ணி வருகிறது, சாதகம் வருகிறது, காணி உறுதி வருகிறது.

“அப்ப எந்தக் கோயிலிலை எழுத்து?”

“அதைப் பேந்து பாப்பம்.”