மிதியதிகாரம்

பாயிரம்

ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டும் சிறப்புப் பாயிரத்தில் வேண்டும் என்பது நன்னூல் விதி. விதியை மதித்து, வேண்டியவற்றை மட்டும் சொல்லி அமைவோம்.

நூற்பெயர் மேலே உள்ளது. எல்லை: வடக்கே அடையாற்றுப் பாலம், தெற்கே மாமல்லபுரம், மேற்கே ஜிஎஸ்டி சாலை, கிழக்கே கடல். நான்கில் கிழக்கெல்லையை மட்டும் இதுவரை யாரும் மீறவில்லை. நுதலிய பொருள்: நல்ல வழியும் நல்ல துணையும். கேட்போர்: வேலை மாறியோ கல்யாணமாகியோ சென்னைக்குக் குடிவந்து, சமையல் சாமான் மூட்டைகளைப் பிரிப்பதற்கு முன்பே ரோடு பைக்கைப் பிரித்து மாட்டிவிட்டு, ஞாயிறு விடியலில் எங்கே போவது, யாரோடு போவது என்று தெரியாமல் பால்கனியில் நிற்பவர். இவரை இந்நூல் ‘ஊர்புதியோர்’ என்னும். யாப்பு: நூற்பாவும் உரையும். இரண்டையும் எழுதியவர் ஒருவரே ஆதலால் உரையாசிரியருக்கும் நூலாசிரியருக்கும் சண்டை குறைவு.

1. வழியியல்

வழியெனப் படுவது மூவகைத் தாகும்;
கண்டதும் கேட்டதும் கொண்டதும் என்றே.

உரை: கண்ட வழியாவது வரைபடத்தில் கண்டது. கேட்ட வழியாவது பிறர் வாயால் கேட்டது. கொண்ட வழியாவது தன் டயரால் உருட்டித் தனதாக்கிக்கொண்டது.

கண்ட வழிக்கு இக்காலத்துக் கருவி ஸ்ட்ராவா. 2009இல் தொடங்கிய இச்செயலியில் வெப்ப வரைபடம் என்று ஒன்று உண்டு. மக்கள் அதிகம் ஓட்டும் சாலை அதில் பளிச்சென்று எரியும். பாலைவனத்து ராணுவ முகாம்களின் வடிவத்தைக்கூட அது காட்டிக்கொடுத்துவிட்டது என்று 2018 ஜனவரியில் உலகமெங்கும் பேச்சானது. அத்தனை கூர்மையான கருவிதான். ஆனாலும் ஞாயிறு காலை கறிக்கடை வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நிற்கும் வண்டிகளை அது காட்டாது. எங்கே ஓட்டுகிறார்கள் என்று சொல்லுமே தவிர, எத்தனை மணிக்கு, ஏன் என்பதைச் சொல்லாது.

கேட்ட வழி, சொல்வார் வகையால் இருவகைப்படும். சைக்கிள் ஓட்டாதவர் சொல்வது ஒன்று: “அவ்ளோ தூரமா? பஸ் இருக்கே சார்!” ஓட்டுபவர் சொல்வது மற்றொன்று: “ஈசிஆர் போங்க.” முன்னது வழி அன்று. பின்னது வழிதான், ஆனால் பாதி.

மறுபாதியை இங்கே சொல்வோம். திருவான்மியூரில் தொடங்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை நீலாங்கரை, அக்கரை வரை ஊர்ச் சாலையே. உத்தண்டிச் சுங்கச்சாவடி தாண்டினால்தான் மூச்சு விடும். முட்டுக்காட்டுப் பாலத்தில் இடமும் வலமும் நீர் தெரியும். முதல்முறை வந்தவர் அங்கே படம் எடுக்க நிற்பார், நிற்கட்டும். கோவளம், திருவிடந்தை, நெம்மேலி, சாளுவன்குப்பம் எனப் போனால் மாமல்லபுரம். ஒருவழித் தூரம் 40 கிலோமீட்டருக்குச் சற்று மேல். முதலமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் இந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டிய காட்சி 2021இல் செய்திகளில் வந்தபின், ‘சைக்கிள்லயா? ஈசிஆர்லயா?’ என்று வீட்டில் கேட்பது கொஞ்சம் குறைந்திருக்கிறது.

மாமல்லபுரம் வரை தாங்காதவர்க்குச் சுற்றுவழி உண்டு. கோவளத்தில் வலப்புறம் திரும்பி, உப்பளமும் கழிமுகமுமாகக் கிடக்கும் இணைப்புச் சாலையில் கேளம்பாக்கம் அடைந்து, ஓஎம்ஆர் வழியே வடக்கே ஏறுவது. காலம் வாய்த்தால் அந்தக் கழிமுகத்தில் பூநாரைகள் நிற்கும். ஏறத்தாழ 55 கிலோமீட்டர். போகும்போது கடல், வரும்போது கண்ணாடிக் கட்டடம். நெய்தலில் தொடங்கி ஐடியில் முடியும் வழி இது ஒன்றே.

‘மேடு எங்கே?’ எனின், கோவையிலிருந்து வந்தவர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. மருதமலையைப் பார்த்து வளர்ந்தவருக்குச் சென்னையில் கிடைப்பது மேம்பாலம். பரங்கிமலை உண்டே எனின், உண்டு. உயரம் ஏறத்தாழ 300 அடி, கியரை மாற்றி முடிப்பதற்குள் உச்சி வந்துவிடும். மலையே வேண்டும் என்று அடம்பிடிப்பவர் வண்டியைக் காரில் ஏற்றி ஏலகிரிக்குப் போவார். அங்கே 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர், வள்ளல் பெயர்களாக வைத்திருக்கிறார்கள். ஏறும்போது எந்த வளைவில் மூச்சு நின்றது என்பதை இலக்கியமாகவே சொல்லலாம். கொல்லிமலைக்கு வளைவு 70. அங்கே பெயர் வைக்கப் புலவர் போதாது.

2. பொழுதியல்

விடியல் ஒருவழி; வெயில்மற் றொருவழி;
ஒருசாலை ஆயினும் இருசாலை என்ப.

உரை: காலை 5 மணி ஈசிஆரும் 8 மணி ஈசிஆரும் பெயரால் ஒன்று, பண்பால் வேறு. முன்னதில் பால் வண்டியும் மீன் கூடையும். பின்னதில் ரிசார்ட்டுக்குப் போகும் கார்களும், காது கிழியும் சத்தத்தோடு பறக்கும் பெரிய பைக்குகளும். இரண்டையும் ஒரே சாலையாக எண்ணி வெளியே வந்தவர் ஒரே ஞாயிற்றில் திருந்திவிடுவார்.

சென்னையில் ஜூன் தொடக்கத்தில் 5.45க்கு முன்பே சூரியன் எழும். ஜனவரி கடைசியில் 6.35 ஆகிவிடும். ஆகவே தை மாதத்தில் முதல் ஒன்றரை மணி நேரம் இருட்டிலேயே போகும். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, தலையில் ஹெல்மெட் இல்லாதார் இவ்வியலைக் கற்க உரியர் அல்லர்.

இனிக் காற்று. கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து கோடை, வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல் என்று நான்கு திசைக்கும் பெயரிட்டு வைத்தார்கள் பழந்தமிழர். கடற்கரைச் சாலை வடக்குத் தெற்காகக் கிடப்பதால் முதல் இரண்டும் விலாவில் மட்டும் இடிக்கும். பின் இரண்டுமே தலையெழுத்தை எழுதும். தென்றல் வலுத்த சித்திரைக் காலையில் போவது பாடு, வருவது சுகம். வாடை வீசும் கார்த்திகை, மார்கழியில் இது தலைகீழாகும். கோவளம் வரை மணிக்கு 35 கிலோமீட்டர் வேகம் காட்டும் மீட்டரைப் பார்த்து, ‘இத்தனை நாள் என் திறமை எனக்கே தெரியவில்லையே’ என்று ஊர்புதியோர் பூரிப்பார். வண்டியைத் திருப்பியதும் அந்தத் திறமை முழுதும் வாடையுடையது என்று விளங்கும். எனவே எதிர்காற்றில் போய் முதுகுக்காற்றில் திரும்புக என்பது விதி. மார்கழியில் இவ்விதியைக் காப்பவர் வடக்கே பழவேற்காட்டுப் பக்கம் போவார். அது நம் எல்லைக்கு அப்பால்.

3. துணையியல்

புறப்பாடு பஞ்சர் பில்லென மூன்றும்
துணைவரைத் தெரிக்கும் துலாக்கோல் ஆகும்.

உரை: துணை எதற்கு எனின், முதற்கண் காற்றுக்கு. சமதரையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் மிதிப்பவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே செலவாகிறது. முன்னவர் சக்கரத்தை ஒட்டிப் போனால் அதில் ஏறத்தாழ கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சம். முன்னால் போய் முறையாகக் காற்றை வாங்குபவர் ‘லீட்’ எடுப்பவர். முறை வரும்போதெல்லாம் தண்ணீர்ப் பாட்டிலைத் தேடுபவர் ஒட்டுண்ணி. பக்கத்தில் வந்துகொண்டே எப்போதும் அரைச் சக்கரம் முன்னால் நிற்பவர் மூன்றாம் வகை. அவரோடு வேகம் கூடிக்கொண்டே போகும், பேச்சு குறைந்துகொண்டே வரும். பள்ளத்தைக் கண்டு கையைக் கீழே நீட்டிக் காட்டுபவர் நான்காம் வகை. இவர் கிடைத்தால் விடக் கூடாது.

இரண்டாவது, பாதுகாப்புக்கு. இருட்டில் தனியே கிளம்ப வேண்டிய பெண்ணுக்குத் துணை என்பது மிச்சமாகும் மூச்சின் கணக்கு அன்று. எந்த முனையில் யார் நிற்பார்கள், வீடு வரை யார் கூட வருவார்கள் என்பதே முதற் கேள்வி. இதற்கு விடை இல்லாத குழு, எத்தனை வேகமாக ஓட்டினாலும் நல்ல குழு ஆகாது.

புறப்பாடு. காலை 5 மணி என்றால் வருவோர் நால்வர். 4.50க்கே விளக்கெரிய நின்று டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பவர் தலை. 5.05க்கு மன்னிப்போடு வருபவர் இடை. குளியலறையில் நின்றபடி ‘ஆன் தி வே’ என்று செய்தி அனுப்புபவர் கடை. இரவு 11 மணிக்குக் குழுவில் நெருப்புக் குறியும் புஜக் குறியும் போட்டுவிட்டுக் காலையில் போனை அணைத்து வைப்பவர் கணக்கில் சேரார்.

பஞ்சர். துணையின் உண்மை நிறம் காற்று இறங்கும்போது தெரியும். நெடுஞ்சாலையில் வெடித்த லாரி டயரிலிருந்து உதிரும் எஃகுக் கம்பி மயிரிழை போல் இருக்கும். அது நம் டயரைத் துளைத்து உள்ளே அரை மில்லிமீட்டர் எட்டிப் பார்த்தால் போதும். விவரம் தெரியாதவர் புது டியூபை மாட்டிக் காற்றடித்துக் கிளம்புவார். ஒரு கிலோமீட்டருக்குள் மறுபடி உஸ்ஸென்று இறங்கும். நல்ல துணை என்ன செய்வார்? டயரின் உட்புறத்தில் விரல் நுனியை மெல்ல ஓட்டுவார். ஓரிடத்தில் சுருக்கென்றதும் நிற்பார். சட்டைப் பையில் இதற்கென்றே வைத்திருக்கும் ஊக்கால் நெம்பி, கம்பியை வெளியே இழுத்து, உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். “இதாங்க அந்தக் கழுதை.” பிரெஸ்டா வால்வுக்குச் சாலையோரப் பஞ்சர் கடையின் காற்றுக்குழாய் பொருந்தாது என்பதால் சிறு பித்தளை அடாப்டர் ஒன்றும் அவர் பையில் இருக்கும். மற்றவர்கள்? சிலர் சுற்றி நின்று யோசனை சொல்வார்கள். சிலர் “முன்னாடி டீக்கடையில இருக்கோம் ப்ரோ” என்று நகர்வார்கள். ஒருவர் படம் எடுப்பார்.

பில். திரும்பும் வழியில் பொங்கல், வடை, ஃபில்டர் காபி. சைக்கிள்காரர்களின் சபை கூடுவது மேசையில்தான். பில் வரும்போது ஜிபே திறக்காதவர், நெட் வராதவர், திடீரென்று கை கழுவப் போனவர் என மூவர் எழுவர். மொத்தத்தையும் கட்டிவிட்டுக் கணக்குக் கேட்காதவர் பெருந்தன்மையர். கட்டிவிட்டு அன்று மாலைக்குள் தலைக்கு எவ்வளவு என்று பைசா சுத்தமாகக் குழுவில் போடுபவர் அவரினும் மேலானவர். ஏனெனில் பெருந்தன்மையரோடு நான்கு வாரம் சாப்பிடலாம். கணக்கரோடு பத்து ஆண்டு ஓட்டலாம்.

நெடுவழியர் என்று ஒரு தனி இனம் உண்டு. இவர்கள் ஓட்டுவது பிரெவே. இந்தியாவில் இதை நடத்தும் தலைமை அமைப்பு ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ். 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள், 600 கிலோமீட்டரை 40 மணிக்குள் முடிக்க வேண்டும், முதற்பரிசு கிடையாது. இவர்களின் காசி, பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ். 1891இல் தொடங்கியது, இப்போது நான்காண்டுக்கு ஒருமுறை, 1,200 கிலோமீட்டர், உச்ச வரம்பு 90 மணி. அடுத்தது 2027இல். ஊர்புதியோர் இவர்களிடம் வழி கேட்கலாம். ‘பக்கத்தில்தான்’ என்று சொன்னால் நம்பக் கூடாது.

4. புறனடை

‘முதலில் வழி தேடுக, துணை தானே வரும்’ என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? ஒரே கோவளம் சாலை, அரைச் சக்கரக்காரரோடு போனால் பந்தயம். கம்பி எடுப்பவரோடு போனால் பாடசாலை. நாய்க்குப் பயப்படுபவரோடு போனால் கூத்து. நாய் முதல் சைக்கிளில் விழிக்கும், இரண்டாவதில் எழும், மூன்றாவதைத் துரத்தும். எனவே மூன்றாவதாகப் போவது யார் என்பதும் வழியின் இலக்கணத்தில் சேரும். துணையைப் பொறுத்தே சாலை அமைகிறது. வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு ஆளைத் தேடுவதே முறை.

ஆளைத் தேடும் வழி யாது எனின், தேடாமல் நிற்பது. பெரிய குழுக்களில் சேரலாம், அவற்றுக்குப் பகுதிவாரியாகக் கிளைகளும் உண்டு. ஆனால் சேர்வது வேறு, சேர்ந்துகொள்ளப்படுவது வேறு. ஒரே முனையில், ஒரே நேரத்தில், வாரந்தோறும் நிற்பவரைக் கூட்டம் தானே அடையாளம் கண்டுகொள்ளும். அவர் எட்டும் நிலைகள் விளியால் தெரியும். “சார்” என்றால் இன்னும் சேரவில்லை. “ப்ரோ” என்றால் பெயர் மறந்துவிட்டது, ஆனால் முகம் பதிந்துவிட்டது. “அண்ணா, நாளைக்கு வர்றீங்கல்ல?” என்றால் சேர்ந்தாயிற்று. “எங்கடா இருக்க?” என்றால் இனித் தப்ப வழியில்லை.

அந்நிலை அடைந்த சனிக்கிழமை இரவில் ஊர்புதியோர், பழைய பழக்கத்தில், குழுவில் ஒரு கேள்வியைப் போட்டுவிடுவார்: “நாளைக்கு எங்கே போறோம்?” ஐந்து நிமிடம் மௌனம். பிறகு ஒருவர்: “நீங்களே ஒரு ரூட் போடுங்க அண்ணா.” அதற்குப் பன்னிரண்டு கட்டைவிரல்கள். எங்கே கூடுவது, எத்தனை மணிக்கு, எந்தக் கடையில் பொங்கல், யார் கடைசியில் வருவது எல்லாம் அந்த நொடியிலிருந்து அவர் பொறுப்பு. இதற்கும் நூற்பா உண்டு:

எங்கெனக் கேட்டோன் தலையிற் கட்டுதல்
குழுவினர் மரபெனக் கூறினர் முன்னோர்.

உரை: பொருள் வெளிப்படை.