கித்தா சப்பாத்து

ஞாயிறு காலையில் கோலாலம்பூரிலிருந்து கோல சிலாங்கூர் பக்கம் சைக்கிள் மிதித்து வருபவர்களில் சிலர் இப்போது சப்பாத்துக்கும் உறை போடுகிறார்கள். ஐரோப்பியக் குளிருக்கென்று நியோப்ரீனில் தைத்தது. கித்தா விளைந்த மண்ணுக்கே செயற்கைக் கித்தா! நம்மூர்க் குளிர் 24 டிகிரி. தே தாரே இன்னொரு கிளாஸ் கேட்க ஒரு சாக்கு, அவ்வளவுதான். மழையோ காலுறை வழியே மேலிருந்து இறங்கும். உறை அதைப் பத்திரமாக உள்ளேயே தேக்கி வைக்கும். ஈஜோக் தாண்டுவதற்குள் காலுக்கொரு குளம், மீன் விடலாம்.

பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் (எங்கள் வாய்க்கு இன்னும் சேதி வரவில்லை). அங்கே செம்பனைத் தோட்டத்து அண்ணன் ஒருவர் துருப்பிடித்த சைக்கிளில் இவர்களை முந்திப் போகிறார். காலில் கறுப்புக் கித்தா சப்பாத்து. ஊரார் அதை ‘அடிடாஸ் கம்போங்’ என்பார்கள். ஜெர்மன் கம்பெனிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஒரே வார்ப்பு, அடியில் குமிழ்கள், சேற்றிலும் வழுக்காது. தண்ணீர் புகுந்தால் கழற்றிக் கவிழ்த்தால் தீர்ந்தது. காட்டுப்பாதை ஓட்டக்காரர்களே தேடி வாங்குகிறார்கள். நாற்றத்தை மட்டும் கேட்காதீர்கள்.

பால்மரம் வெட்டிய பாட்டிக்கு மழையென்றால் வேலையுமில்லை, கூலியுமில்லை. மழையில் மிதிக்கவென்றே மூன்று இலக்க விலையில் உறை வாங்குகிறார்கள் என்றேன்.

“ஏன்யா, மழ விட்டதும் போனா ஆகாதா?”