பௌர்ணமிக்குப் படுத்துவிடும் மாடல்

லூமுட் துறையிலிருந்து பங்கோர் ஃபெரி எப்போது புறப்படும் என்று எழுதி ஒட்டிவிடலாம். கணினிக்குள் ஓடும் லூமுட் கடல் எப்போது நின்றுபோகும் என்று எவராலும் எழுதி ஒட்ட முடியாது. கடற்படைத் தளம், தெலுக் ரூபியாவின் இரும்புத் தாதுத் துறைமுகம், மஞ்சோங்கின் நிலக்கரி மின்நிலையம் என எல்லாம் ஒரே கரையில் நெருக்கியடித்து நிற்பதால், இங்கே நீரோட்டத்தைக் கணக்குப்போட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. இம்மாதக் கேள்விகளில் பாதி அவர்களுடைய வயிற்றெரிச்சல்.

கேள்வி (லூமுட்டிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவர்): பங்கோர் நீரிணைக்குக் கணினியில் நீரோட்ட மாடல் ஓட்டுகிறேன். மற்ற நாட்களில் சமர்த்தாக ஓடுகிறது. பௌர்ணமி வந்தால் படுத்துவிடுகிறது. சர்வருக்கு மந்திரிக்க வேண்டுமா?

பதில்: மந்திரிக்க வேண்டியது சேற்றுக்கு. மாசி மகத்துக்குப் பங்கோர் பத்திரகாளியம்மன் கோயிலுக்குப் போனவர்கள் கடலைக் கொஞ்சம் கவனித்திருந்தால் தெரிந்திருக்கும்: பௌர்ணமியை ஒட்டி நீர் ஏறினால் மிக உயரம் ஏறும், வற்றினால் அடிவரை வற்றும். சூரியனும் சந்திரனும் ஒரே வரிசையில் நின்று இழுக்கின்றன. அமாவாசைக்கும் இதே கதைதான். அப்போது டிண்டிங் ஆற்று முகத்தில் அலையாத்தி வேர்கள் வெளியே தெரியும், சேறு வெயிலில் பளபளக்கும்.

மாடலுக்கு அந்தப் பளபளப்புதான் எமன். மாடல் கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்துவைத்து, நீரின் ஆழத்தால் வகுத்து வேகத்தைக் கண்டுபிடிக்கிறது. ஆழம் பூஜ்யமானால் எதால் வகுப்பது? வந்து விழுவது 'எண்ணே அல்ல' என்று பொருள்படும் ஒரு மூன்றெழுத்து. உச்சரித்தால் நம் 'நான்'. ஒரு கட்டத்தில் 'நான்' தலைகாட்டினால் பக்கத்துக் கட்டத்துக்கும் தொற்றும். கொஞ்ச நேரத்தில் கடல் முழுக்க நான், நான், நான். அகங்காரம் இவ்வளவு வேகமாகப் பரவி வேதாந்திகள்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ரோம்ஸ் போன்ற கடல் மாடல்கள் 'புளோ-அப்' என்று லாக் கோப்பில் எழுதிவிட்டு மரியாதையாக நின்றுவிடும்.

கட்டங்கள் காய்ந்து மீண்டும் நனைவதற்கு அனுமதிக்கும் வசதி ரோம்ஸில் உண்டு; அதைப் போட்டுவிட்டால் பாதி நோய் தீரும். மீதிப் பாதி வரைபடத்தில் இருக்கிறது. மாலுமிகளின் வரைபடத்தில் ஆழத்தை அளப்பது, நீர் மிகவும் வற்றும் மட்டத்திலிருந்து. கப்பல் தரைதட்டக் கூடாது என்ற கவலை அவர்களுக்கு. மாடலோ பெரும்பாலும் சராசரிக் கடல்மட்டத்தைப் பூஜ்யமாக வைத்திருக்கும். அந்த வித்தியாசத்தைக் கூட்டாமல் அப்படியே ஏற்றினால், உங்கள் பங்கோர் நீரிணை உண்மையானதைவிட ஆழம் குறைந்த குட்டையாகிவிடும். மந்திரிப்பதற்கு முன் இதைப் பார்க்கவும்.

கேள்வி (அதே மாணவர், அடுத்த கடிதத்தில்): சேறு சரியாகிவிட்டது. படம் துல்லியமாக வரட்டும் என்று கட்டத்தைச் சிறிதாக்கினேன். மறுபடியும் விழுகிறது!

பதில்: கட்டத்தைச் சிறிதாக்கியவர் கடிகாரத்தை மாற்றினாரா என்று தெரியவில்லை. 20 மீட்டர் ஆழமுள்ள நீரில் ஓத அலை நொடிக்குச் சுமார் 14 மீட்டர் ஓடும். 100 மீட்டர்க் கட்டத்தை அது 7 நொடியில் தாண்டிவிடும். கணக்கு 10 நொடிக்கு ஒருமுறை கண்விழித்தால் அலை அதற்குள் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டிருக்கும். பிறகு எண்கள் தறிகெட்டு ஊதிப்போகும். இதை 1928இலேயே கூரண்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி என்ற மூன்று கணித மேதைகள் எழுதிவைத்துவிட்டார்கள். அப்போது சர்வரும் இல்லை, குறைசொல்ல ஆளும் இல்லை. கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்கு, நேர அடிகள் இரண்டு மடங்கு, ஆக வேலை எட்டு மடங்கு. பேராசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

கேள்வி (ஈப்போ): 256 ஜிபி மெமரி உள்ள சர்வர். முதல் நொடியிலேயே 139 என்ற எண்ணைக் காட்டிச் சாகிறது. அத்தனை மெமரியும் போதவில்லையா?

பதில்: நிரலைக் கொன்ற சமிக்ஞையின் எண்ணோடு 128ஐச் சேர்த்துக் காட்டுவது வழக்கம்: 128உடன் 11ஐக் கூட்டினால் 139. லினக்ஸில் 11ஆம் எண் சமிக்ஞை, தனக்குச் சொந்தமில்லாத நினைவிடத்தில் கால்வைத்த குற்றத்துக்கானது. உண்மையிலேயே மெமரி தீர்ந்திருந்தால் பெரும்பாலும் 137 வரும்; அது இயங்குதளமே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது.

முதல் நொடியிலேயே 139 என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது 'ஸ்டாக்'. ஃபோர்ட்ரான் நிரல்கள் தற்காலிக அணிகளை அங்கேதான் அடுக்கும். பல லினக்ஸ் சர்வர்களில் அதற்கு வழக்கமாக ஒதுக்கப்படுவது 8 எம்பி. அரண்மனை கட்டிக்கொடுத்து, அரிசி வைக்க ஆழாக்கு கொடுத்த கதை. 'யூலிமிட்' என்ற கட்டளையால் அந்த எல்லையைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். எத்தனையோ பேரின் வாரக்கணக்கான தூக்கம் இந்த ஒரு வரியில் போயிருக்கிறது.

கேள்வி (சுங்கை சிப்புட், ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி): என் பேத்தியின் மாடல் 64 புராசஸர்களில் ஓடுகிறதாம். ஒன்று செத்தால் மீதி 63ம் ஏன் வேலையை நிறுத்த வேண்டும்? என் காலத்தில் ஓர் ஆள் மட்டம் போட்டால் தோட்டமா மூடினோம்?

பதில்: கிராணி ஐயாவின் தோட்டத்தில் ஒருவர் நிரையை மற்றவர் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. இங்கே ஒவ்வொரு நேர அடிக்கும் பேர் கூப்பிட்டு ஒரு பெரட்டு. ஆளுக்கொரு துண்டுக் கடலை வெட்டி முடித்ததும், எல்லை நீரின் உயரத்தைப் பக்கத்து ஆளிடம் ஒப்படைத்தாக வேண்டும். ஒருவர் வராவிட்டால் அடுத்தவர் காத்திருப்பார், அவருக்காக அதற்கடுத்தவர். ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான பெரட்டு வைக்கும் தோட்டத்தில், பேர் கூப்பிட்டு ஆள் இல்லை என்றால் கலைத்துவிடுவதுதான் வழக்கம். பேத்திக்கு ஒரு குறிப்பு: லாக் கோப்பில் 63 பேரும் ஒரே குரலில் அலறியிருப்பார்கள், முதலில் அலறியவர் யார் என்று மேலிருந்து தேடச் சொல்லுங்கள்.

கேள்வி (சித்தியவான்): கையால் கணக்குப் போட்ட காலத்தில் இந்தத் தொல்லை இல்லையே?

பதில்: இருந்தது. லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர், முதல் உலகப்போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே, 1910 மே 20ஆம் தேதியின் வானிலையைக் கையால் கணக்கிட்டார். 6 மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று விடை வந்தது. நிஜ பாரமானி அன்று அசையவே இல்லை எனலாம். கையெழுத்துப் பிரதியும் தொலைந்து, சில மாதம் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது. 1922இல் அவர் அந்தத் தப்பான விடையையும் மறைக்காமல் புத்தகத்தில் அச்சிட்டார். வழிமுறையில் பழுதில்லை, தொடக்கத் தரவில்தான் இரைச்சல் என்று பின்னாளில் பீட்டர் லிஞ்ச் அதே கணக்கைத் திருப்பிப் போட்டுக் காட்டினார். தரவை மென்மையாக்கியதும் விடை ஒழுங்காக வந்தது.

கேள்வி (தைப்பிங்): வேறு சர்வருக்கு மாறினால்?

பதில்: 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட்டில் மாற்றுக் கணினி ஒன்று தயாராக இருந்தது. அதிலும் அதே மென்பொருள். முதன்மைக் கணினியைக் கொன்ற அதே பிழையால் அதுவும் செத்தது.

கேள்வி (பங்கோர்): நேற்றுவரை ஓடியது. இன்று ஓடவில்லை. சத்தியமாக நான் எதையும் தொடவில்லை.

பதில்: இவர் தம் உள்ளீட்டுக் கோப்பையும் கடிதத்தோடு அனுப்பியிருந்தார். மணிக்கு ஒருமுறை வட்டில் எழுதிக்கொண்டிருந்த மாடலை, நேற்றிரவு 11:40க்கு, நிமிடத்துக்கு ஒருமுறை எழுதச் சொல்லியிருக்கிறார். அறுபது மடங்கு கோப்பு. விடிவதற்குள் வட்டு நிறைந்துவிட்டது.