சங்கத்துக்குப் பெயர் வைத்த பாவம்

சுங்குவார்சத்திரத்தில் ஷிப்டு பஸ்ஸுக்கு நிற்கிற பையனைப் பாருங்கள். கழுத்துப் பட்டையில் கம்பெனி பெயர், சட்டையில் கம்பெனி பெயர், வருகிற பஸ்ஸின் கண்ணாடியில் கம்பெனி பெயர். பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனார் ஆகப்போகிறவர் வேலையைக் கேட்டால், சம்பளத்துக்கு முன்னால் பெயரைத்தான் சொல்வான். அந்தப் பெயரை அவன் எங்கே வேண்டுமானாலும் சுமந்து திரியலாம். சங்கத்தின் பலகையில் மட்டும் எழுதக் கூடாது.

2024-இல் அங்குள்ள சாம்சங் தொழிற்சாலையின் சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம் பதிவுக்கு விண்ணப்பித்தது. சாம்சங் என்பது எங்கள் வணிகக் குறியீடு, அதைச் சங்கம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று நிறுவனம் ஆட்சேபித்தது. அந்தத் தொழிற்சாலையில் செய்கிற ஃபிரிட்ஜில் வைத்ததுபோல் தொழிலாளர் துறையில் கோப்பு கெடாமல் இருந்தது. செப்டம்பர் 9 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியே வந்து பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். 37 நாள்.

பிரமாதமான நாடகம்தான், ஆனால் பழைய நாடகம். முதல் அரங்கேற்றம் பெரம்பூரில். பின்னி கம்பெனியின் பக்கிங்காம் கர்னாடிக் மில்லில் வேலை செய்தவர்களுக்காக 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் முன்கை எடுக்க, பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் வந்து சேர்ந்தார்கள். மதியச் சோற்றை மென்று விழுங்க நேரம் போதவில்லை என்பது முதல் குறைகளில் ஒன்று. வெள்ளைக்கார நிர்வாகத்துக்கு அதுவே ராஜத்துரோகமாகப் பட்டது. 1920-இல் கதவை இழுத்துச் சாத்தினார்கள். டிசம்பரில் போலீஸ் சுட்டு இரண்டு தொழிலாளர்கள் செத்தார்கள். தொழிலாளரைத் தூண்டி வேலை ஒப்பந்தத்தை மீறச் செய்தார்கள் என்று வாடியா மேலும் சகாக்கள் மேலும் பின்னி வழக்குப் போட்டது, ஐகோர்ட் தடை விதித்தது. வாடியா சங்கத்தை விட்டு விலகியபிறகுதான் வழக்கு வாபஸ். திரு.வி.க.வைக் கூப்பிட்டு, நாடு கடத்திவிடுவேன் என்று மிரட்டினார் கவர்னர் வெலிங்டன். தமிழை எந்த ஊருக்குக் கடத்துவதாக உத்தேசமோ.

அடுத்த வருஷம் ஆதிதிராவிடத் தொழிலாளியையும் சாதி இந்துத் தொழிலாளியையும் எதிரெதிரே நிறுத்தினார்கள். புளியந்தோப்பு எரிந்தது. அந்த வித்தை மட்டும் இன்னும் பட்டறையில் துருப்பிடிக்காமல் இருக்கிறது. ஒரகடம் தொழிற்பேட்டையில் புது வருணங்கள் நான்கு: நிரந்தரம், ட்ரெய்னி, அப்ரண்டிஸ், கான்ட்ராக்ட். ஒரே லைனில் ஒரே போல்ட்டை முறுக்குகிறவர்களுக்கு நான்கு சம்பளம். பிறப்பால் உயர்வு தாழ்வு பார்க்காமல் எல்லோருக்கும் மந்திரத்தைக் கோபுரமேறிக் கூவியதாகச் சொல்லப்படும் ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் இருக்கிறது. பிறப்பால் இல்லைதான். ஆர்டர் காகிதத்தால்.

வாடியா மேல் விழுந்த தடை டில்லிவரை உறுத்தியது. சங்கத்தாருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று என்.எம். ஜோஷி 1921-இல் மத்தியச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அதன் பலன்தான் 1926-ஆம் வருஷத் தொழிற்சங்கச் சட்டம். வெள்ளைக்காரன் மனமுவந்து போட்ட பிச்சை என்று யாராவது சொன்னால், பெரம்பூரில் குண்டு பட்டவர்களின் பேரன்களிடம் கேட்கட்டும்.

அந்தச் சட்டத்தின் கீழ்த்தான் சுங்குவார்சத்திரத்துப் பையன்கள் விண்ணப்பித்தார்கள். பலன்? நிறுவனம் காஞ்சிபுரம் கோர்ட்டில் தடை கேட்டது. பின்னியின் மனுவைத் தூசி தட்டி லேப்டாப்பில் அடித்துக்கொண்டார்கள் போலும். கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போகக் கிளம்பிய நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் போலீஸ் முன்கூட்டியே பிடித்தது. அக்டோபரில் பந்தலையும் பிரித்தது. மூன்று அமைச்சர்கள் சமரசம் பேச வந்து, சங்கத்தை விட்டுவிட்டு வேறொரு 'தொழிலாளர் குழு'வோடு ஒப்பந்தம் முடிந்ததாக அறிவித்தார்கள். மாப்பிள்ளை மண்டபத்துக்கு வெளியே நிற்க, பந்தி பரிமாற வந்தவன் கையில் தாலியைக் கொடுத்த கல்யாணம்.

தூத்துக்குடி கோரல் மில்லில் வ.உ.சி. நடத்திய வேலைநிறுத்தம் 1908 பிப்ரவரி 27-இல் தொடங்கியது. பத்து நாளுக்குள் ஹார்வி கம்பெனி இறங்கி வந்தது. வெள்ளைக்காரனுக்குப் பத்து நாள். சுதந்திர நாட்டில், சமூகநீதி அரசில் 37 நாள். இன்று துறைமுகத்துக்கே வ.உ.சி. பெயர். செத்துப்போன சங்கத்துக்காரர் என்றால் நமக்கு உயிர். உயிரோடு இருப்பவர் என்றால்தான் முன்னெச்சரிக்கைக் கைது.

இதே அரசு 2023 ஏப்ரல் 21 அன்று, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி விடும் மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றியது. கூட்டணிக் கட்சிகளே கத்தின. எட்டு மணி நேரத்துக்காகச் செத்தவர்களின் நாளான மே 1 அன்று வாபஸ் என்று முதல்வர் அறிவித்தார். கைதட்டினோம். நம் பர்சை எடுத்து, நம்மிடமே திருப்பிக் கொடுத்தவருக்கு நன்றி சொல்லாத தமிழன் உண்டா?

டில்லிக்கு வருவோம். அங்கே அடிமைச் சின்னங்களை ஒழிக்கும் திருவிழா. கூட்டம் கூடினால் பிடித்துக் கொள்கிற 144 ஒழிந்தது. அதே தடை புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 163 ஆகிவிட்டது. முன்னெச்சரிக்கைக் கைதின் 151 இப்போது 170. வெள்ளைக்காரன் நம்மை அடிக்கத் தயாரித்த பிரம்புக்குப் புதுப்பெயர் சூட்டி, பொட்டு வைத்து, பூஜை அறையில் வைத்தாயிற்று. அவனிடமிருந்து நாம் பிடுங்கிய ஒன்றிரண்டைத்தான் காலனிய மிச்சம் என்று குப்பையில் போட்டார்கள். புதிய தொழில் உறவுகள் சட்டத்தில் எந்த வேலைநிறுத்தத்துக்கும் பதினான்கு நாள் நோட்டீஸ். முன்னூறு பேருக்குக் குறைவாக இருக்கிற ஆலையை அரசிடம் கேட்காமலே மூடலாம்.

சாம்சங் சங்கம் ஐகோர்ட் படியேறி, 1926-ஆம் வருஷச் சட்டத்தின்படி 2025 ஜனவரி 27 அன்று தன் பெயரிலேயே பதிவானது. அதே வருஷம் நவம்பர் 21 அன்று அந்தச் சட்டத்தையே நீக்கிவிட்டார்கள்.